திருப்பிக் கொடுத்த வக்காலத்து

அறுபதுகளில் பம்பாயில் நான் வழக்குரைஞராகத் தொழில் நடத்திய இடங்கள் இரண்டு. பகலில் கோட்டைப் பகுதியின் நீதிமன்றத் தாழ்வாரம். மாலையிலும் வார இறுதியிலும் மாட்டுங்கா இரயில் நிலையத்துக்கு எதிரே, வெற்றிலை பாக்குக் கடை ஒன்றின் மேலே அமைந்த என் வாடகை அறை. கட்டில் ஒன்று, மேசை ஒன்று, நாற்காலி மூன்று, சுவரை மறைத்த சட்ட நூல்கள். வழக்கின் பொருட்டு வந்தவர்களைத் தவிர அந்தப் படிகளில் எனக்காக ஏறி வந்தவர் எவருமில்லை. எனக்கு மணமாகவில்லை. ஆயினும் என்னிடம் வந்த வழக்குகளுள் பெரும்பாலானவை மணமுறிவையும், பிரிந்து வாழ்தலையும், பிள்ளை யாரிடம் வளர்வது என்பதையும் பற்றியவை.

தாராவியில் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தார் நடத்திய ஊர்ச்சங்கம் ஒன்று இருந்தது. தகரக் கூரையிட்ட நீண்ட கூடத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை கூடுவார்கள். நான் அச்சங்கத்தின் சட்ட ஆலோசகன். மாநகராட்சியிலிருந்து வரும் ஆங்கில அறிவிப்புகளை வாசித்துப் பொருள் உரைப்பேன். பின்னர் அவர்களோடு பாயில் அமர்ந்து தேநீர் அருந்துவேன். வாரம் முழுவதும் ஆங்கிலமும் இந்துஸ்தானியும் பேசி வறண்ட நாவுக்கு அந்த இரண்டு மணி நேரமே ஈரம். அங்கே என்னை ‘அண்ணாச்சி’ என்றார்கள். அந்நகரில் வேறெங்கும் நான் எவருக்கும் எந்த உறவுமுறையும் அல்லன்.

கேலியும் உண்டு. “நம்ம அண்ணாச்சியப் பாத்தீராவே? தனக்கு ஒண்ணு கட்டத் தெரியல, ஊரான் கட்டுனத அத்து விடுததுல கெட்டிக்காரரு” என்று ஒருவர் சொல்ல, கூடமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்கையில் அவர்களுள் ஒருவனாக இருப்பதுபோல் தோன்றும்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். நீதிமன்றத்தில் இது பெருந்தொல்லை. மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கேட்பார். பெண் தலை குனிந்து நிற்பாள். இவள் உண்மையிலேயே அவன் மனைவிதானா என்று நீதிபதி புருவம் உயர்த்துவார். அறைக்கு வந்த பெண்களிடமும் தொடக்கத்திலேயே அப்பெயரைக் கேட்டால், அத்துடன் வாயடைத்துப் போவார்கள். ஆகவே நான் எனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டிருந்தேன். முதலில் முழுவதையும் கேட்பேன். கணவன் பெயரை இறுதியில் கேட்பேன். உடன் வந்த தாயோ தமக்கையோ அதைச் சொல்லிவிடுவாள். பெண்கள் என்னிடம் தடையின்றிப் பேசினார்கள் என்றால் அதற்கு இம்முறையே காரணம் என எண்ணி, உள்ளூரப் பெருமையும் கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், சங்கத்தின் தலைவர் ஒருவரை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். தலைவர் தாராவியில் அரிசிக்கடை வைத்திருந்தவர். உடன் வந்தவர் மாஹிம் பக்கத்துச் சந்தொன்றில் தகரப்பெட்டி செய்யும் பட்டறைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். விரல்களெல்லாம் தகரம் கீறிய தழும்புகள்.

“அண்ணாச்சி, இவன் வீட்டுக்காரி பிள்ளயத் தூக்கிட்டுப் போயி எட்டு மாசம் ஆவுது” என்று தலைவர் தொடங்கினார். “செம்பூர்ல சித்தி வீட்டுல இருக்கா. கூப்புட்டா வரமாட்டேங்கா. காரணத்தக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா.”

“அவ வராட்டாப் போறா. எம் பிள்ள எனக்கு வேணும்” என்றார் பட்டறைக்காரர்.

“பொறுலே. அண்ணாச்சி கேக்கட்டும்.”

“அடிச்சீரா?” என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. “ஒரு நா கை நீட்டினேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். மறுநாளே கால்ல விழுந்தேன். அது ஆச்சு ரெண்டு வருசம். அப்பம் போவாதவ இப்பம் ஏன் போனான்னுதான் வெளங்கல. பிள்ளைக்கு ஆறு முடிஞ்சு ஏழு நடக்கு அண்ணாச்சி. எங் காதப் புடிச்சிக்கிட்டுத்தான் ஒறங்குவா. இப்பம் யாரு காதப் புடிக்காளோ.”

தலைவர் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டிலிருந்து அவள் எதை எடுத்துச் சென்றாள் என்று கேட்டேன். வழக்கமான கேள்வி. “ஒண்ணும் எடுக்கல. பிள்ளைக்கு நான் ஒரு பெட்டி செஞ்சு மூடியில கிளி எழுதிருந்தேன். அதத்தான் காணும்” என்றார்.

ஐந்து வயது நிரம்பாத குழந்தை தாயிடம் இருப்பதே முறை என்று சட்டம் கூறியது. அவ்வயது கடந்த பின் தந்தையின் உரிமை முன்வந்து நிற்கும். ஆனால் எவ்வுரிமையையும்விடக் குழந்தையின் நலனே பெரிது. இதை அவருக்கு விளக்கினேன். அவர் வக்காலத்தில் கையெழுத்திட்டார். மனைவியின் பெயரையும் குறித்துக்கொண்டேன். அப்பெயர் கொண்ட பெண்கள் தாராவியில் தெருவுக்கு நால்வர். புறப்படும்போது அவர் ஒன்றை வேண்டினார்: “நான் ஒங்கள வச்சிருக்கேங்கிறது வெளிய தெரியப்படாது அண்ணாச்சி. தெரிஞ்சா பிள்ளயோட ஊருக்கு ரயிலேறிருவா.” அவ்வாறே உறுதியளித்தேன்.

ஏறத்தாழ இரண்டு வாரம் கழிந்த ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஒரு பெண் தனியாக வந்து வாயிற்படியில் நின்றாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது. படியேறிய களைப்பில் மூச்சிரைத்தது. நாற்காலியைக் காட்டினேன், தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

“ஒத்தையிலயா வந்தம்மா?”

“சித்திக்கு முட்டுவலிய்யா. ஆசுபத்திரியில ஆயா வேல பாக்குத அக்கா ஒங்களச் சொன்னாவ. நம்ம பக்கத்து ஆளு, பொறுமையாக் கேப்பாவன்னாவ.”

ஊரைச் சொன்னாள். என் ஊரிலிருந்து நான்கு கல் தொலைவு. தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரேதான். ஆனால் தெருவுக்கு நால்வர் என்றேனே, அதனால் என் மனம் விழிக்கவில்லை. கணவன் பெயரை, என் முறைப்படி, கேட்கவில்லை.

“அவிய பிள்ளயக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போவப் போறாவன்னு பேச்சு அடிபடுது” என்றாள். “கோர்ட்டுல பிள்ளயப் பறிச்சிருவாவளாய்யா?”

“நீ ஏம்மா பிரிஞ்சு வந்த?”

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். “வெளிய போவாதுல்லா?”

“வக்கீலுகிட்டச் சொன்னது இந்தச் சொவரத் தாண்டாது. சொல்லு.”

இச்சொற்களை நான் அவளுக்கு முன் எத்தனையோ பேரிடம் கூறியிருந்தேன். அன்று கூறியதை மட்டும் இன்றும் என் செவியில் கேட்கிறேன்.

“நெஞ்சுல சீக்குய்யா. இருமினப்ப ரெத்தம் வந்துச்சு. படம் எடுத்துப் பாத்துட்டு டீ.பி.ன்னுட்டாவ. அவியளுக்கு ஒரு அக்கா இருந்தா. இதே சீக்கு. ஊர்ல மாட்டுத் தொழுவுல ஓரமாப் போட்டு வச்சிருந்தாவளாம். பெத்த பிள்ளைகளக் கண்ணுல காட்டல. அப்படியே போயிட்டா. அத அவியளே அழுதுக்கிட்டுச் சொல்லிருக்காவ. எனக்குன்னு தெரிஞ்சா அவிய என்னய ஒண்ணும் சொல்ல மாட்டாவ. ஆனா ஊருக்குத் தபால் போவும். மாமியாரு வந்து பிள்ளயப் பிரிச்சுக் கொண்டு போயிருவாவ.”

“பிள்ள ஒங்கூடயா படுக்கு?”

“இல்லய்யா, சித்திகூட. எந் தட்டு, எந் தம்ளரு, எம் பாயி எல்லாம் தனி. பிள்ளைக்கும் படம் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்திருக்காவ. ஒண்ணரை வருசம் ஊசியும் மாத்திரையும் விடாமப் போட்டா எனக்குஞ் சரியாயிருமாம். எட்டு மாசம் போயிட்டு. இன்னொரு பத்து மாசந்தான்ய்யா. அதுவர பிள்ள எங்கிட்ட இருக்கட்டும். பெறவு நானே அவியகிட்டப் போயிச் சொல்லிருவேன்.”

அவள் கேட்டது அவ்வளவே. பத்து மாதம்.

நான் குறிப்பெழுதிக்கொண்டே வழக்கமான அடுத்த கேள்விக்குப் போனேன். பிரிந்து வந்த மனைவி நகையைத் திருடினாள் என்று குற்றஞ்சாட்டும் கணவர்கள் உண்டு. அதன் பொருட்டுக் கேட்பது. “வரும்போது நகைநட்டு ஏதாவது எடுத்தியாம்மா?”

“சத்தியமா இல்லய்யா. பிள்ளதான் பெட்டிய விடமாட்டேன்னு மடியில வச்சிக்கிட்டா. அவிய செஞ்ச பெட்டி. மூடியில கிளி இருக்கும்.”

என் எழுதுகோல் நின்றது. குறிப்பெழுதிய தாளின் கீழே, அதே அட்டையில், அவள் கணவனுக்காக நான் எழுதிவந்த மனுவின் மூன்றாம் பக்கம் இருந்தது.

“போதும்மா. இனி ஒண்ணும் சொல்லாத.”

“என்னய்யா? தப்பாச் சொல்லிட்டனா?”

“இந்த வழக்க நான் எடுக்க முடியாது. வேற வக்கீலப் பாரு. நீ சொன்னத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். காரணம் மட்டும் கேக்காத.” எழுதிய தாளை அட்டையிலிருந்து எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. மேசைமேலிருந்த தம்ளரைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதை நான் கண்டுகொண்டேன்.

“நான் தண்ணி குடிச்சிருக்கப்படாதுல்லா” என்றாள். “கழுவி வச்சிட்டுப் போறேன்ய்யா. கோவிச்சுக்காதிய.”

“அதுக்கில்லம்மா” என்றேன். உண்மைக் காரணம் இதுதான் என்று சொல்ல வாயெடுத்தால், அவள் கணவன் என்னிடம் ஒப்படைத்திருந்த இரகசியம் உடையும். அவள் மூலையிலிருந்த குழாயடிக்குச் சென்று சோப்பிட்டு இருமுறை தேய்த்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியேறினாள். படிக்கட்டின் திருப்பத்தில் நின்று இருமினாள். நான் கேட்கக்கூடாது என்று அடக்கி அடக்கி இருமினாள்.

கட்சிக்காரரின் வழக்குக்குத் தொடர்புடைய எதையும் அவரிடமிருந்து மறைத்தல் ஆகாது என்பது என் தொழிலின் கடமை. வழக்குரைஞர் என நம்பி ஒருவர் சொன்னதை வெளியிடலாகாது என்பதும் அதே தொழிலின் கடமை. ஒரு சொல், ஒரே ஒரு நோயின் பெயர், மனுவில் ஏறினால் பட்டறைக்காரர் வென்றுவிடுவார். அதை ஏற்றாமல் அவருக்காக வாதிட்டால் அவருக்கு இரண்டகம் செய்தவனாவேன். அவளுக்கோ இனி எதுவும் செய்ய இயலாது. பெயரை முதலில் கேட்டிருந்தால் இம்மூன்றும் நேர்ந்திரா. ஒரு பெயரை எழுதும் நேரமே எடுக்கும் ஒரு சிறு ஒழுங்கை, என் இரக்கத்தின்மேல் வைத்த நம்பிக்கையால் புறக்கணித்திருந்தேன்.

திங்கட்கிழமை, வழக்குரைஞர் ஓய்வறையில் மூத்தவர் ஒருவரை அணுகினேன். தஞ்சாவூர்க்காரர், மாட்டுங்காவிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர், நாற்பதாண்டுத் தொழில். ஆள் அடையாளம் எதுவுமின்றி, ஒரு கற்பனை வழக்கென்று தொடங்கினேன்.

“கற்பனையாவது கத்திரிக்காயாவது. மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே ஓய்” என்றார். முழுவதையும் கேட்டபின், “முதல்ல பேர். அப்புறம் எதிராளி பேர். அதுக்கப்புறந்தான் அழுகை. பேரைக் கேக்காம ஏன்யா கதையைக் கேட்டீர்?” என்றார்.

“அவர்கள் சொல்ல மாட்டார்கள்.”

“சொல்லலேன்னா எழுதச் சொல்லும். எழுதத் தெரியலேன்னா துணைக்கு ஆளோட வான்னு அனுப்பும். நாற்காலி போட்டு, தண்ணி குடுத்து, மொத்தத்தையும் வாங்கிண்டுட்டு இப்போ எங்கிட்ட வந்து முழிக்கிறீர்.”

“இப்போது என்ன செய்வது?”

“என்ன செய்யறது? ரெண்டு பேருக்கும் நீர் செத்தாச்சு. வக்காலத்தைத் திருப்பிக் குடுத்துடும். ஏன்னு கேட்டா வாயைத் திறக்கப்படாது. உடம்பு முடியலேன்னு ஒரு பொய் சொல்லலாம். நான்னா சொல்லிடுவேன். நீர் சொல்ல மாட்டீர், பட்டுக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அந்த ஆண்டு முழுவதும் நடந்தது.

அடுத்து வந்த ஞாயிறு சங்கக் கூட்ட நாள். வக்காலத்தையும், எழுதியவரையிலான மனுவையும் ஓர் உறையிலிட்டு எடுத்துச் சென்றேன். கூட்டம் கலைந்தபின், தலைவரும் பட்டறைக்காரரும் நானும் கூடத்தில் எஞ்சினோம். உறையைக் கொடுத்தேன். என்னால் இவ்வழக்கை நடத்த இயலாது, வேறு வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ளுங்கள், அவர் தொடங்குவதற்கு வேண்டிய தாள்கள் இதிலுள்ளன என்றேன்.

தலைவர், “ஒங்க வீட்டுக்குக் கீழ வெத்தலக் கட வச்சிருக்கவன் நமக்குத் தெரிஞ்சவன்” என்றார். “போன சனிக்கெழம ஒரு பொம்பள மேல வந்துட்டுப் போனாளாமே?”

நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

“வந்தாளா, இல்லையா? அதச் சொல்லுங்க.”

“என் அறைக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்பதைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை” என்றேன். கலங்கும்போது என் பேச்சு ஏட்டுத் தமிழாகிவிடும். அது அவர்களுக்குத் திமிராகப் பட்டிருக்கக்கூடும்.

“இங்கிலீசு படிச்சவுகல்லா, சொல்ல மாட்டாவ. அழுதிருப்பா, இவரு உருகிருப்பாரு. ஒண்டிக்கட்ட பாரு.” தலைவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “நம்ம ஆளுன்னுதான் அண்ணாச்சி ஒங்ககிட்டக் கூட்டியாந்தேன். ஒரு குஜராத்திகிட்டப் போயிருந்தா, அவன் துட்டுக்காவது வேல பாத்திருப்பான்.”

அவர் வெளியே சென்றார். பட்டறைக்காரர் செல்லவில்லை. உறையை இரு கைகளிலும் பிடித்தபடி நின்றார். அவர் குரலில் சினம் இல்லை.

“அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. வழக்கு கெடக்கட்டும். அவ வந்திருந்தான்னா, பிள்ளயப் பத்தி ஏதாவது சொன்னாளா? நல்லாருக்காளா?”

நல்லாயிருக்கிறாள். படமெடுத்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு குறையுமில்லை. இச்சொற்கள் என் நாவின் நுனியில் இருந்தன. ஆனால் ‘நல்லாயிருக்கிறாள்’ என்ற ஒரு சொல்லே அவள் வந்தாள் என்பதை ஒப்புவிக்கும். அடுத்த கேள்வி, பின் ஏன் நீங்கள் விலகுகிறீர்கள் என்பதாக இருக்கும். நற்செய்தியும் அவளுடையதே, அதைக் கொடுக்கும் உரிமை எனக்கில்லை.

“என்னால் ஒன்றும் சொல்ல முடியாது” என்றேன்.

அவர் தலையசைத்தார். “சரி அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை அப்பெயரால் தாராவியில் எவரேனும் அழைத்தது அதுவே இறுதி.

அடுத்த மாதம் சங்கத்திலிருந்து அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த மாதம் நானே சென்றேன். கூடத்தின் வாயிலில் செருப்புகள் நிறைந்திருந்தன. மாநகராட்சிக் கடிதம் ஒன்றை ஓர் இளைஞர் திக்கித் திக்கி வாசித்துக்கொண்டிருந்தார். பொருளைப் பிழையாகச் சொன்னார். நான் வாயிலில் நிற்பதைப் பலர் கண்டனர். எவரும் நகர்ந்து இடம்விடவில்லை. திரும்பி நடந்தேன். மாஹிம் பாலத்தைக் கடக்கும்வரை அக்கடிதத்தின் சரியான பொருளை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வழக்கு என்னவாயிற்று என்று அறியும் உரிமை எனக்கில்லை, அறியாமலிருக்கவும் இயலவில்லை. நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் நாள்தோறும் வழக்குப் பட்டியலைப் பார்ப்பேன். ஐந்தாம் மாதம் கணவன் மனைவி இருவர் பெயரும் அதில் வந்தன. அன்று அந்த அறையின் கடைசி வரிசையில் அமர்ந்தேன்.

அவளுக்காக ஒரு மராத்திய வழக்குரைஞர் எழுந்தார். தாய் மிக நல்ல உடல்நலத்துடன் இருக்கிறாள், குழந்தையைப் பேணுவதில் குறையொன்றுமில்லை என்றார். அதைச் சொல்கையில் அவர் முகத்தில் தயக்கமே இல்லை. அவர் பொய்யர் அல்லர். அவளே அவரிடம் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. ஒரு வழக்குரைஞரிடம் உண்மையைச் சொன்னாள். அவன் வெளியே போ என்றான். இரண்டாமவரிடம் அவள் ஏன் சொல்லப் போகிறாள்? நீதிமன்றத்தில் அன்று நின்ற அந்தப் பொய்யில் என் பங்கு எவ்வளவு என்று பல ஆண்டுகள் கணித்துப் பார்த்திருக்கிறேன். சிறிதென்று ஒருநாளும் தோன்றியதில்லை.

நீதிபதி பட்டறைக்காரரிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒரு கேள்வி கேட்டார்: நீ பட்டறையில் இருக்கும் பொழுதில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? பக்கத்து அறையில் குடியிருப்பவர்கள் என்றார் அவர். உன் தாய்? ஊரில். அவளை வரவழைப்பாயா? “எங்கம்மாகிட்டப் பிள்ளய விட மாட்டேன்” என்றார். ஏன் என்று அவருடைய வழக்குரைஞரே வியந்து திரும்பிப் பார்த்தார். காரணம் அவ்வறையில் அவரைத் தவிர அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது. தொழுவத்து ஓரத்தில் கிடந்த தமக்கையை அவர் மறந்திருக்கவில்லை.

குழந்தை தாயிடமே இருக்கட்டும். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை மாட்டுங்காப் பூங்காவில் தந்தை காணலாம் என்று ஆணையாயிற்று. செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் எளிதில் வரத்தக்க இடமென்று இரு தரப்பும் ஒப்பின. அது என் அறையிலிருந்து பத்து நிமிட நடை.

வெளியே தாழ்வாரத்தில் அவள் என்னைக் கண்டாள். சற்றே நின்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, எனக்கு வழி விடுபவள்போல் சுவரோரமாக ஒதுங்கி நடந்தாள்.

அதன்பின் என் முறையை மாற்றிக்கொண்டேன். எவர் வந்தாலும் நாற்காலியைக் காட்டுமுன் இரு பெயர்களைக் கேட்டேன். தனியாக வந்த பெண்களைத் துணையோடு வரும்படி திருப்பி அனுப்பினேன். சிலர் மீண்டும் வந்தனர், பலர் வரவில்லை. அம்முறை சரியானதே. அதைக் கடைப்பிடித்த ஒவ்வொரு முறையும், திரும்பிச் சென்றவள் இனி எவரிடம் போய்ச் சொல்வாள் என்ற எண்ணம் கதவைச் சாத்தியபின் வரும்.

ஞாயிறு முற்பகலில் அப்பூங்கா வழியாக நடப்பது என் நெடுநாள் வழக்கம். ஆணைக்குப் பின் வேறு தெருக்களில் நடந்தேன். எனினும் சில ஞாயிறுகளில் கால்கள் தாமாகவே அங்கே சென்றன. எதிர்ப்புற நடைபாதையில், கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். சிறுமி ஓடுவாள். தந்தை அவள் பின்னே ஓடி, வேண்டுமென்றே பிடிக்காமல் விடுவார். தாய் நெடுந்தொலைவிலுள்ள பலகையில், கையில் சட்டைகளை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். அவ்விருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஒருமுறை சிறுமியின் பந்து வேலியருகே உருண்டு வந்தது. எடுக்க வந்த தந்தை என்னைக் கண்டார். பந்தை எடுத்துக்கொண்டு, சிறுமியை மறுபக்கம் அழைத்துச் சென்றார். தாயும் அதைக் கவனித்திருந்தாள். தையலை எடுத்துக்கொண்டு எழுந்து, எனக்கு முதுகு தெரியும்படி அமர்ந்தாள். அக்குடும்பத்தில் கணவனும் மனைவியும் ஒத்த கருத்துடையவராக இருந்தது என்னைப் பற்றி மட்டுமே என்று எண்ணியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பகிர்ந்துகொள்ள எவருமில்லை.

அவள் கேட்ட பத்து மாதங்கள் முடிந்து சில வாரங்கள் சென்றிருக்கும். மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு. வேலியருகே வந்தபோது, தொலைவிலுள்ள பலகை வெறுமையாக இருந்தது. அவள், கணவனின் எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். கையில் மடித்த தாள்கள் சில. மருத்துவமனைத் தாள்களாக இருக்கலாம். என்னால் காண இயலவில்லை. அவர் முதலில் நின்றுகொண்டு கேட்டார். பிறகு ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவள் பேசுவதை நிறுத்தவில்லை. சிறுமி ஓடிவந்து, தந்தையின் முதுகின்மேல் சாய்ந்து, விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அவர் ஒரு கையை எடுத்துப் பின்னால் நீட்டி அவளைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையை, மனைவி நின்ற பக்கமாக, வெறுமனே உயர்த்தினார். உட்கார் என்று சொன்னாரா, போதும் என்று சொன்னாரா, அறியேன். அவள் உட்கார்ந்தாள். சற்று எட்டியே உட்கார்ந்தாள்.

சிறிது நேரம் சென்று அவர் தலையை உயர்த்தியபோது, வேலிக்கு வெளியே நான் நிற்பதைக் கண்டார். இம்முறை திரும்பிக்கொள்ளவில்லை. நெடுநேரம் பார்த்தார். அவள் சொன்னவற்றுள் நான் அறிந்ததும் இருந்தது என்று இப்போது அவருக்கு விளங்கியிருக்கலாம். அல்லது பழைய வெறுப்போடுதான் பார்த்தாரோ. அவ்வளவு தொலைவிலிருந்து ஒருவர் கண்ணில் எது இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

உள்ளே செல்ல வாயில் இருபதடித் தொலைவில் இருந்தது. செல்லலாமா என்று எண்ணினேன். சென்று என்ன சொல்வது? அவள் அவரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னதையே சொன்னாளா என்பதும் தெரியாது. அவள் வாயால் விடுவிக்கும்வரை நான் அறிந்தது அவளுடையதே. அவள் என்னை விடுவிக்க வேண்டிய தேவை எதுவுமில்லை. நான் யார் தரப்பில் இருந்தேன் என்பதே அவளுக்கு இன்றுவரை தெரியாமலிருக்கலாம்.

அவர் பார்வையை எடுத்துச் சிறுமியிடம் ஏதோ சொன்னார். நான் சாப்பிடும் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை இலை பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். குடையை விரிக்கத் தேவையில்லாத அளவுக்குத் தூறல் இருந்தது. நான் நடந்தேன்.